புயற்சேதப் புனருத்தாரணமும் பராமரிப்பு நிதியும்
வங்கதேசக் கடற்கரைக் கிராமங்களின் அநுபவம்

புயல் அடித்து ஓய்ந்த கிராமத்தில் முதலில் எழும் கேள்விகள் இரண்டு. இடிந்ததைக் கட்டப் பணம் யார் கொடுப்பார்? வேலை எப்பொழுது ஆரம்பமாகும்? இவ்விரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. கட்டி முடிந்ததை வருஷந்தோறும் பழுது பார்த்துக் காப்பவர் யார், அதற்கு வேண்டிய பணம் எங்கே இருக்கிறது என்பதே அது. இக்கேள்வியைக் கடைசியாகக் கேட்கும் கிராமத்தார் ஒரே கரையை இரண்டு முறையும் மூன்று முறையும் கட்ட நேரிடுகிறது.

இவ்வுண்மையை வங்கதேசத்துக் கடற்கரைவாசிகள் பட்டுத் தெளிந்திருக்கின்றனர். ஏழை நாடாகத் தொடங்கி, அடிக்கடி பெரும் புயல்களுக்கு ஆளாகி, அந்நிய தேசங்களின் உதவியையும் சொந்த உழைப்பையும் கொண்டு கரைகளையும் கட்டடங்களையும் மீண்டும் மீண்டும் எழுப்பிய நாடு அது. அங்கே பணம் எவ்விதம் சேர்ந்தது, எவ்விதம் செலவாயிற்று, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்ற விவரங்கள் கூட்டுறவு சங்க அங்கத்தினர் எவருக்கும் பயன்படத் தக்கவை.

கரைகளின் வரலாறு

வங்கதேசத்தின் தென்பகுதி கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று மகாநதிகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணால் ஆனது. கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த சமநிலம். ஆறுகளும் உப்பங்கழிகளும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. தினம் இருமுறை கடல் ஏற்றம் ஆறுகளின் வழியே வெகுதூரம் உள்நாட்டில் புகுந்து, பிறகு வடிகிறது. மழையில்லாத மாதங்களில் இந்த ஜலம் உப்பாயிருக்கும். ஆகையால் கரை இல்லாமல் அப்பிரதேசத்தில் நெற்பயிர் நிலைப்பது அரிது.

முற்காலத்தில் ஜமீன்தார்கள் குடிகளைக் கொண்டு தாழ்ந்த மண்கரைகளையும் மர மதகுகளையும் வருஷந்தோறும் போட்டு வந்தனர். வருஷத்தில் எட்டு மாதம் நின்று காப்பதால் இவற்றுக்கு ‘அஷ்டமாசி’ கரைகள் என்று பெயர். மழைக்காலத்தில் வண்டலோடு வரும் வெள்ளம் வயலில் பாய்ந்து நிலத்தை உயர்த்தும். மழை நின்றபின் கரையை மறுபடி செப்பனிடுவார்கள். தமிழ்நாட்டு ஏரிப் பாசனக் கிராமங்களில் குடிமராமத்து என்று வழங்கிய முறைக்கு இது ஒப்பானது. 1950-ம் வருஷத்துச் சட்டத்தால் அங்கே ஜமீன் முறை ஒழிந்தது. குடிகளுக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் ஜமீன்தாருடைய உரிமையோடு கரையைக் காக்கும் கடமையும் போயிற்று. அந்தக் கடமையை உடனே ஏற்பதற்கு வேறொருவரும் ஏற்படவில்லை.

1960-ம் வருஷத்துக்குப் பின் அந்நிய உதவியைக் கொண்டு சர்க்காரே பெரிய கரைகளைக் கட்டலாயினர். சுற்றிலும் ஆறுகள் சூழ்ந்த நிலப்பரப்பைச் சுற்றி வளையமாக மண்கரை எழுப்பி, கரையின் குறுக்கே மதகுகள் வைப்பது இம்முறை. ஆற்றில் ஜலம் தாழும்போது மதகுக் கதவு திறந்து உள்ளே நிற்கும் மழை ஜலம் வடியும். ஏற்றத்தின்போது கதவு மூடிக்கொண்டு உப்பு ஜலத்தைத் தடுக்கும். இவ்வளையத்துக்கு டச்சு மொழிச் சொல்லாகிய ‘போல்டர்’ என்பதே அங்கே பெயர். இத்தகைய வளையங்கள் 139 உண்டு. கரைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 3,700 மைல். அவற்றுக்குள் அடங்கிய நிலம் சுமார் 30 லட்சம் ஏக்கர்.

இக்கரைகளால் நெல் விளைவு பெருகியது. ஆயினும் எதிர்பாராத கெடுதியும் ஒன்று நேர்ந்தது. வெள்ளம் உள்ளே வராததால் வண்டலும் வரவில்லை. வெளியே ஆற்றுப்படுகையில் வண்டல் தங்கி மேடாயிற்று. உள்ளே நிலம் இறுகித் தாழ்ந்தது. வருஷங்கள் செல்லச் செல்லக் கரைக்கு வெளியே உள்ள ஜலமட்டத்துக்கும் உள்ளே உள்ள வயலுக்கும் உயர வித்தியாசம் அதிகரித்தது. கரை உடைந்தால் விளையும் நஷ்டமும் அவ்வளவுக்கு அதிகரித்தது.

புயல்களும் உயிர்ச்சேதமும்

1970-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி இரவு அடித்த புயலில் மாண்டவர் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று மதிப்பிடப்பட்டது. 1991-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 29-ந் தேதி சிட்டகாங் பிரதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டனர். 2007-ம் வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி அடித்த ‘சித்ர்’ புயலும் மகா உக்கிரமானதே; அதில் மாண்டவர் சுமார் 3,400 பேர். 2020-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ‘அம்பான்’ புயல் வந்தபோது சுமார் 24 லட்சம் ஜனங்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டனர்; மாண்டவர் தொகை நூற்றை எட்டவில்லை.

லட்சக்கணக்கிலிருந்து நூற்றுக்குட்பட்ட அளவுக்கு உயிர்ச்சேதம் குறைந்ததற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. 1972-ம் வருஷத்தில் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் தொண்டர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கி வைத்தும் கிராமந்தோறும் எச்சரிக்கை செய்கின்றனர். இன்று அவர்கள் தொகை எழுபதினாயிரத்துக்கு மேல்; சரிபாதி பேர் ஸ்திரீகள். எச்சரிக்கை கேட்ட ஜனங்கள் ஒதுங்குவதற்குக் கடற்கரை நெடுகப் புகலிடக் கட்டடங்கள் ஏற்பட்டது இரண்டாவது காரணம்.

உயிரைக் காக்கும் ஏற்பாடு இவ்விதம் முன்னேறியது மெய்யே. ஆனால் உயிர் தப்பித் திரும்பிய குடும்பத்துக்கு வீடும் வயலும் வழியும் இருக்கவேண்டும். அவ்விஷயத்தில் அதே அளவு முன்னேற்றம் ஏற்படவில்லை.

பணம் வந்த வழி

சித்ர் புயலுக்குப் பின் வங்கதேச சர்க்காரும் உதவி செய்யும் ஸ்தாபனங்களும் சேர்ந்து சேதக் கணக்கு எடுத்தனர். சேதமும் அதனால் தொடர்ந்த நஷ்டமும் சேர்ந்து சுமார் 170 கோடி டாலர் என்று கண்டனர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். இடிந்த வீடும் உடைந்த மதகும் சேதம். மதகு உடைந்ததால் அடுத்த பட்டத்தில் விளையாமற்போன நெல்லும், படகு போனதால் மீனவன் இழந்த வருமானமும் நஷ்டம். சேதத்தை மட்டும் கணக்கிட்டால் பழுது பார்க்கத் தாமதிப்பதன் செலவு கண்ணுக்குப் புலப்படாது. சித்ர் கணக்கில் ஏறக்குறைய பாதி வீடுகளைச் சார்ந்தது. சேதமுற்ற வீடுகள் சுமார் 15 லட்சம். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட கரைகளும் பழுதுற்றன.

பணம் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது நன்கொடை. சித்ர் புயலுக்குப் பின் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் இஸ்லாமிய அபிவிருத்தி பாங்கியின் மூலமாக 13 கோடி டாலர் அளித்தார். அவர் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா என்பது பிற்பாடு தெரியவந்தது. அதில் 11 கோடி பள்ளிக்கூடமாகவும் புகலிடமாகவும் உபயோகப்படும் கட்டடங்களுக்கும், 2 கோடி உழவர் முதலியோருக்கு வட்டியில்லாக் கடனுக்கும் ஒதுக்கப்பட்டது.

இரண்டாவது நீண்ட தவணைக் கடன். உலக பாங்கியைச் சேர்ந்த சர்வதேச அபிவிருத்திச் சங்கம் 2008-ம் வருஷம் நவம்பரில் 10 கோடியே 90 லட்சம் டாலர் கடன் அநுமதித்தது; பின்னர் மேலும் தொகை சேர்ந்தது. ஏழை நாடுகளுக்கு அச்சங்கம் அந்நாளில் வழங்கிய கடனின் நிபந்தனை வருமாறு: திருப்பிக் கட்ட 40 வருஷம், முதல் 10 வருஷம் அசல் கட்ட வேண்டியதில்லை, வட்டிக்குப் பதிலாக வருஷத்துக்கு நூற்றுக்கு முக்கால் வீதம் நிர்வாகக் கட்டணம். இது இலகுவான கடனே. ஆயினும் கடன் கடனே. நாற்பது வருஷத்தில் தீரும் கடனைக் கொண்டு கட்டிய கரை பத்து வருஷத்தில் கரைந்து போனால், பேரப் பிள்ளைகள் இல்லாத கரைக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது நாட்டின் சொந்தப் பணம். 2009-10-ம் வருஷம் முதல் வங்கதேச சர்க்கார் தங்கள் வரவு செலவுத் திட்டத்திலேயே சீதோஷ்ண மாறுதல் நிதி ஒன்றை ஏற்படுத்தி, ஆரம்பத்தில் வருஷத்துக்கு 700 கோடி டாக்கா ஒதுக்கினர். அந்நியர் உதவிக்குக் காத்திராமல் உடனே எடுத்துச் செலவிடக் கூடிய பணம் என்பதே இதன் சிறப்பு.

காலத்தின் அருமையைச் சித்ர் அநுபவம் நன்கு காட்டுகிறது. புயல் அடித்தது 2007 நவம்பர். கடன் அநுமதியானது ஒரு வருஷம் கழித்து. அதன்பின் இடம் தேர்ந்து, அளந்து, எஸ்டிமேட் தயாரித்து, டெண்டர் கோரி, கன்ட்ராக்ட் கொடுத்து, வேலை நடந்து முடியக் குறித்த கெடுவையும் கடந்து ஏறக்குறைய பத்தாண்டு சென்றது. இவற்றில் எந்தப் படியையும் விட்டுவிட முடியாது. விட்டால் ஊழலுக்கு வழியாகும். ஆகையால் பெரிய புனருத்தாரணப் பணம் என்றும் தாமதித்தே வரும் என்று கொள்வதே விவேகம். புயலடித்த முதல் வாரத்துக்கும் பெரிய பணம் வரும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தைக் கடக்க உள்ளூர்ச் சேமிப்பு ஒன்று இன்றியமையாதது.

ஒரு கட்டடம், இரண்டு உபயோகம்

புகலிடக் கட்டடத்தின் அமைப்பு கவனிக்கத் தக்கது. கான்கிரீட் தூண்களின்மேல் தளம் எழுப்பியிருப்பதால், கடற்பெருக்கு வந்தால் ஜலம் கீழே பாய்ந்து போகும். புதிய கட்டடங்களில் ஸ்திரீகளுக்குத் தனி அறையும், குடிதண்ணீர் வசதியும், பல இடங்களில் ஆடுமாடுகள் ஏறுவதற்குச் சாய்வு வழியும் உண்டு. மாட்டை விட்டு வர மனமின்றி வீட்டிலேயே தங்கி உயிரிழந்தவர் பலர் என்ற அநுபவத்தால் ஏற்பட்டது இச்சாய்வு வழி. ஸ்திரீகள் தனி இடமில்லாமையால் வரத் தயங்கினர் என்பதும் 1991-ம் வருஷத்துப் பாடங்களில் ஒன்று. அப்புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக மாண்டனர்.

புகலிடம் என்று மட்டும் கட்டிய கட்டடம் வருஷத்தில் முன்னூற்றறுபது நாள் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் கதவு போகும், கூரை ஒழுகும், சாவி யாரிடம் என்று தெரியாமற்போகும். பழைய புகலிடங்களில் சில இவ்விதம் பாழாயின. சில ஆற்றரிப்புக்கு இரையாயின. பள்ளிக்கூடமாக நடக்கும் கட்டடத்திலோ தினந்தோறும் ஆள் நடமாட்டம் உண்டு. ஓட்டை விழுந்தால் அன்றே உபாத்தியாயர் கண்ணில் படும். குழந்தைகள் படிக்கும் இடம் என்பதால் பெற்றோரும் சும்மா இரார். தினம் உபயோகிக்கும் பொருளே பராமரிக்கப்படும் பொருள் என்பது இதனால் விளங்கும்.

‘ஐலா’ புயலும் இரண்டு வருஷ வெள்ளமும்

2009-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி ‘ஐலா’ என்னும் புயல் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. காற்றின் வேகத்தில் அது சித்ருக்கு மிகவும் குறைந்தது. வங்கதேசத்தில் மாண்டவர் சுமார் 190 பேர். ஆயினும் அதனால் நேர்ந்த துன்பம் புயலோடு முடியவில்லை. குல்னா, சாத்கிரா ஜில்லாக்களில் கரைகள் பல இடங்களில் உடைந்தன.

குல்னா ஜில்லாவில் சுந்தரவனக் காட்டை அடுத்துள்ளது 32-ம் எண் வளையம். அதன் கரை ஐந்து இடங்களில் பெரிதாக உடைந்தது. கரை கட்டிய பின் ஐம்பது வருஷத்துக்குள் உள்ளே இருந்த நிலம், அருகிலுள்ள காட்டு நிலத்தைவிட 3 முதல் 5 அடி தாழ்ந்து போயிருந்தது. ஆகையால் புயல் ஓய்ந்தபின்னும் தினம் இருமுறை ஏற்றம் உள்ளே புகுந்து வடிந்துகொண்டேயிருந்தது. உடைப்புகளை அடைக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எஞ்சிய கரையின்மேல் குடிசை போட்டு வாழ்ந்தனர். வயல் உப்பாயிற்று, குடிதண்ணீர்க் குளங்கள் கெட்டன, பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போயினர். அவ்விரண்டு வருஷத்தில் உள்ளே சராசரி ஓர் அடிக்கு மேல் வண்டல் படிந்தது என்று பின்னால் அளந்து கண்டனர். ஐம்பது வருஷம் கிடைக்காத வண்டல் அது. ஆனால் அதைப் பெறக் குடிகள் கொடுத்த விலை மிகக் கொடியது.

உடைப்பு விஷயத்தில் தாமதம் ஏன் இவ்வளவு கெடுதி செய்கிறது? முதல் நாள் உடைப்பு பத்தடி அகலமாயிருக்கலாம். ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அதன் இரு முனைகளையும் அரிக்கும், அடிமண்ணையும் தோண்டும். சில வாரங்களில் அது ஓர் ஓடையாகிறது. சில மாதங்களில் ஆறாகிறது. முதல் வாரத்தில் மூங்கிலும் மண்மூட்டையும் கிராமத்தாரின் கைகளும் போதும். ஆறாக மாறியபின் இஞ்சினீயரும் யந்திரங்களும் பெரிய கன்ட்ராக்டும் வேண்டும். முதல் வாரத்தில் எடுத்துச் செலவிடப் பணமும் அதிகாரமும் உள்ளூரில் ஒருவரிடம் இருந்திருந்தால் தப்பியிருக்கக் கூடிய செலவு அது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பிரதேசத்தில் இறால் வளர்ப்பு பெருகியிருந்தது. உப்பு ஜலத்தைப் பண்ணைக்குள் விடுவதற்காகக் கரையைத் துளைத்துக் குழாய் பதித்தனர் சிலர். கரையை வெட்டித் திறந்தவரும் உண்டு. துளைத்த இடத்தில் மண் இளகும். புயல் வந்தபோது முதலில் போனவற்றில் இத்தகைய பலவீனமான இடங்களும் உண்டு. பொதுச் சொத்தை ஒருவர் தம் லாபத்துக்காகத் துளைக்கும்போது அக்கம்பக்கத்தார் பேசாதிருந்தால், நஷ்டம் யாவருக்கும் பொதுவாகிறது.

செலவிடும் முறை

புனருத்தாரண வேலையை எல்லாம் பெரிய கன்ட்ராக்டர்களிடமே விடவேண்டும் என்பதில்லை. மதகு, பாலம், மூன்று மாடிக் கட்டடம் ஆகியவற்றுக்குத் தேர்ந்த தொழில் அறிவும் யந்திரங்களும் வேண்டும். அவற்றை டெண்டர் மூலம் கொடுப்பதே முறை. ஆனால் மண் வேலை, பாதை செப்பனிடுதல், கரையில் புல் பதித்தல், மரம் நடுதல் முதலியவற்றை ஊரார் தாமே செய்யலாம். இதற்காக வங்கதேசத்தின் ஸ்தல ஸ்தாபன இஞ்சினீயரிங் இலாகா ‘தொழிலாளர் ஒப்பந்தச் சங்கம்’ என்ற முறையைக் கையாளுகிறது. உள்ளூர் ஏழைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஸ்திரீகள், சிறு கூட்டமாகச் சேர்ந்து, டெண்டர் இல்லாமல் நேரடியாக இலாகாவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுகிறார்கள். வேலையை அளந்து பணம் கொடுக்கப்படுகிறது. இடைத்தரகருக்குப் போகும் லாபம் அவர்களுக்கே கிடைக்கிறது.

இதைப் போன்றதே 1983-ம் வருஷத்தில் ‘கேர்’ என்னும் தர்ம ஸ்தாபனம் கானடா தேசத்து உதவியோடு தொடங்கிய கிராமச் சாலை பராமரிப்பு வேலை. ஆதரவற்ற ஸ்திரீகள் மண்சாலைகளை வருஷம் முழுவதும் பழுது பார்த்தனர். கூலியில் ஒரு பகுதி கட்டாயச் சேமிப்பாகப் பிடிக்கப்பட்டது. நான்கு வருஷம் முடிந்து வேலையை விட்டபோது அச்சேமிப்பே சிறு தொழிலுக்கு மூலதனமாயிற்று. சாலை நின்றது, குடும்பமும் நின்றது.

எந்த முறையானாலும் கணக்கு ஒழுங்காயிருத்தல் அவசியம். கரை வேலையில் ஏமாற்றுவது எளிது. ஏனெனில் மண்ணை அழுத்திப் போட்டார்களா, சும்மா குவித்தார்களா என்பது ஒரு மழை பெய்யும் வரை தெரியாது. ஆகையால் வேலை தொடங்குமுன் எஸ்டிமேட்டையும் கரையின் உயரம், அடி அகலம், தலை அகலம் ஆகியவற்றையும் ஊரார் காணும்படி பலகையில் எழுதி வைப்பதும், வேலை நடக்கும்போதே அளந்து பார்ப்பதும், ஒவ்வொரு பகுதிக்கும் அளவெடுத்த பின்பே பணம் கொடுப்பதும் நல்ல பழக்கங்களாகும். அளவுகோல் பிடிக்கத் தெரிந்த ஊரார் இருவர் இருந்தால் அதுவே பெரிய மேற்பார்வை.

முன்பணமாகப் பராமரிப்பு நிதி

மூன்றாவது கேள்விக்கு வங்கதேசத்தில் கண்ட விடைகளில் மிகவும் பயனுள்ளது கூட்டுறவு முறையைச் சார்ந்தது. மேற்சொன்ன இஞ்சினீயரிங் இலாகா ஆசிய அபிவிருத்தி பாங்கி முதலியவற்றின் உதவியோடு 1990-களின் மத்தியிலிருந்து நடத்திவந்த சிறு நீர்நிலைத் திட்டங்களில், முதலில் பயனடைவோர் ‘நீர் நிர்வாகக் கூட்டுறவு சங்கம்’ ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். வேலை தொடங்குமுன் அச்சங்கம் மண் வேலை மதிப்பில் நூற்றுக்கு 3 வீதமும், மதகு முதலிய கட்டட வேலை மதிப்பில் நூற்றுக்கு 1½ வீதமும் பாங்கியில் கட்டவேண்டும். இது ஏறக்குறைய ஒரு வருஷப் பராமரிப்புச் செலவுக்குச் சமம். சங்கமும் இலாகாவும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணத்தை எடுக்க முடியும்.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். மண் வேலை 4 லட்சமும் மதகு வேலை 6 லட்சமும் ஆகிய ஒரு திட்டம் என்று வைத்துக்கொண்டால், சங்கம் கட்டவேண்டியது 12,000-மும் 9,000-மும், ஆக 21,000. பயனடையும் குடும்பங்கள் 300 எனில் குடும்பத்துக்கு 70 வீதம் ஆகிறது. நிலத்தின் அளவுக்குத் தக்கபடி பங்கு பிரித்தால் சிறு குடியானவனுக்கு இன்னும் குறையும். பத்து லட்ச ரூபாய்ச் சொத்தின் முதல் வருஷக் காவலுக்கு இது பெருந்தொகை அன்று.

தொகை சிறிதாயினும் இதனால் விளையும் பயன்கள் பல. பணம் கட்டியவர் வேலையைக் கவனிப்பர். தங்களுக்கு வேண்டாத திட்டத்துக்கு ஒருவரும் பணம் கட்டமாட்டார். ஆகையால் வீண் திட்டங்கள் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். முதல் மழையில் கரை சரிந்தால் மனுப் போட்டுக் காத்திராமல் மறுநாளே ஆள் வைக்கலாம்.

கரைகளைப் பொறுத்த நீர் அபிவிருத்தி போர்டும் இதே வழியில் செல்ல முயன்றது. 2014-ம் வருஷத்து விதிகளால் நீர் நிர்வாகக் குழுக்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2013 முதல் 2021 வரை நெதர்லாந்து தேசத்தின் உதவியோடு 22 வளையங்களில் இத்தகைய குழுக்கள் அமைத்து, மதகு திறக்கும் காலத்தையும் வாய்க்கால் தூர்வாருவதையும் அவர்கள் வசமே விட்டனர்.

நிறைவேறாத அம்சங்கள்

குறைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். 2013-ம் வருஷத்தில் 40 கோடி டாலர் செலவில் 17 வளையங்களின் கரைகளை உயர்த்திப் பலப்படுத்தத் திட்டம் வகுத்தனர். வேலையின் விஸ்தீரணம் பெருகியதால் இறுதியில் 10 வளையங்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஆறு திசை மாறிக் கரையின் அடியை அரிக்கும் இடத்தில் எவ்வளவு உயர்ந்த கரையும் நிற்பதில்லை. ஆற்றோரத்தைக் கல்லாலும் கான்கிரீட்டாலும் காப்பதற்கு ஆகும் செலவு மண் வேலைச் செலவைவிடப் பன்மடங்கு. இது கிராமச் சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டது. சர்க்காரே ஏற்க வேண்டியது. சங்கம் செய்யக் கூடியது எது, செய்ய முடியாதது எது என்று ஆரம்பத்திலேயே எழுத்து மூலமாகப் பிரித்துக்கொள்ளாத இடங்களில், ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக் காலம் போயிற்று.

குழுக்களும் எல்லா இடத்திலும் நன்றாக நடக்கவில்லை. மதகின் சாவி பெரிய பண்ணைக்காரர் ஒருவர் கையில் இருந்தால், அவருக்கு வேண்டியபோது உப்பு ஜலம் உள்ளே வரும்; சிறு குடியானவன் நாற்று அழுகும். திட்டம் நடக்கும் வரை கூட்டம் கூடிய குழு, உத்தியோகஸ்தர் வருவது நின்றதும் கலைந்துவிடுவதும் உண்டு. கணக்குப் புஸ்தகமும் வருஷ ஆடிட்டும் முறையாக நடந்த சங்கங்களே தொடர்ந்து நின்றன.

சங்கத்தார் கவனிக்கத் தக்கவை

1. சேதக் கணக்கைச் சேதம், நஷ்டம் என்று இரண்டாகப் பிரித்து, புயல் ஓய்ந்த சில நாட்களுக்குள் எழுதி வைக்க வேண்டும். தாமதித்த கணக்கை ஒருவரும் நம்பார்.

2. புயலில்லாத வருஷங்களில் மகசூல் வந்தவுடன் ஒரு சிறு தொகையைப் பிரித்துத் தனி நிதியாகச் சேர்க்க வேண்டும். இதைக் கடன் கொடுக்கும் பணத்தோடு கலக்கக் கூடாது.

3. உடைப்பு நேர்ந்த முதல் வாரத்தில் எவ்வளவு வரை செலவிடலாம், யார் உத்தரவு கொடுக்கலாம் என்று முன்னதாகவே தீர்மானம் செய்திருக்க வேண்டும்.

4. மூங்கில், சாக்கு, மண்வெட்டி, கூடை ஆகியவற்றைப் புயற்காலத்துக்கு முன் சேகரித்து, இருப்பை எழுதி வைக்க வேண்டும்.

5. மழைக்கு முன்னும் பின்னும் கரை முழுவதையும் நடந்து பார்த்து, நண்டு வளை, எலி வளை, வண்டித் தடம், பதித்த குழாய் எல்லாவற்றையும் குறித்து உடனே அடைக்க வேண்டும்.

6. மதகின் சாவியும் திறக்கும் நாளும் பொதுக் கூட்டத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

7. புதிய கட்டடம் எதுவானாலும், தினந்தோறும் உபயோகப்படும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பான் புயலால் 2020-ம் வருஷம் மே மாதத்தில் குல்னா ஜில்லா கோய்ரா பிரதேசத்தில் கரை உடைந்தது. ஆயிரக்கணக்கான ஊரார் மண்ணைச் சுமந்து தாமே அடைக்க முற்பட்டனர். 25-ந் தேதி ரம்ஜான் பண்டிகை வந்தது. நின்று தொழ உலர்ந்த இடமில்லை. வேலைக்கு வந்திருந்தவர்கள் முழங்கால் ஜலத்தில் வரிசையாக நின்று பண்டிகைத் தொழுகையை முடித்துவிட்டு, மறுபடி மண் சுமக்கச் சென்றனர்.

அந்த ஜனங்களிடம் ஒற்றுமைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. அதே கைகள் அதே மண்ணைப் புயலுக்கு முந்தின வறட்சி மாதங்களில், கூலி பெற்று, உலர்ந்த நிலத்தில் நின்று, கரையின் பலவீனமான இடங்களில் போட்டிருக்கலாம். அதற்கு வேண்டியிருந்தவை ஒரு சிறு நிதி, ஒழுங்கான கணக்கு, செலவிட அதிகாரம் பெற்ற ஒரு சங்கம் ஆகிய மூன்றே. வெளியிலிருந்து வரும் பெரும் பணம் கரையைக் கட்டிக் கொடுக்கும். அதை நிறுத்தி வைப்பது உள்ளூரில் சேரும் சிறு பணமே.